ஒற்றை விதையும் கலந்த கழனியும்

கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ரகப் பயிர் அசைந்தாடும் காட்சியை அபிவிருத்தியின் அடையாளமென்று மெச்சுவது வழக்கமாகிவிட்டது. இயந்திரத்துக்கு அது வசதி, வியாபாரிக்கு லாபம். ஆனால் உழவனுக்கும், அவன் விளைவை உண்டு வாழும் ஜனங்களுக்கும் அது க்ஷேமமாகுமா?

சரித்திரம் இதற்கு விடை கூறியிருக்கிறது. அயர்லாந்தின் ஏழைக் குடிகள் பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தனர். 1845-இல் கருகல் நோய் புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 10 லக்ஷம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் தாயகம் துறந்து கப்பலேறினர். அந்நாட்களிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. நோய் பயிரை அழித்தது. அந்நிய ஆட்சி ஜனங்களைக் கைவிட்டது.

அது அறியாமைக் காலத்துக் கதையென்று ஒதுக்குவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். விஞ்ஞானத்தில் தேர்ந்த அந்நாட்டில், 1970-இல் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி ஒரே தாய்வழி விதையாயிருந்தது. இலைக்கருகல் நோய் அவ்வழியின் பலவீனத்தைக் கண்டுகொண்டது. அவ்வாண்டு விளைவில் சுமார் 15 சதவிகிதம் நாசமாயிற்று.

இதற்கு மாற்று உண்டா? உண்டு என்பதைச் சீனத்தின் யுன்னான் மாகாணத்து உழவர் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் பிரத்தியக்ஷமாகக் காட்டினர். அங்கே நல்ல விலை பெறும் பசைநெல், குலைநோய்க்கு எளிதில் இரையாகும். ஆகவே பன்முறை மருந்து தெளிப்பர். ஜு யூயோங் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் கூறியபடி, நோய் தாங்கும் கலப்பின நெல்லின் சில வரிசைகளுக்கிடையே பசைநெல்லை ஒரு வரிசையாக நட்டனர். நோயின் வித்துக்கள் பரவும் வழியில், அதற்கு இடங்கொடாத பயிர் வேலிபோல் நின்றது. உயர்ந்து வளர்ந்த பசைநெல்லின் கதிர்களில் காற்றும் வெயிலும் தாராளமாய்ப் பட்டன. பசைநெல்லைத் தனியே நட்ட வயலோடு ஒப்பிட, அதில் குலைநோய் 94 சதவிகிதம் குறைந்தது. அதன் விளைவு 89 சதவிகிதம் மிகுந்தது. இரண்டாம் ஆண்டில் இம்முறை 8,000 ஏக்கருக்கு மேல் பரவிற்று. அவ்வாண்டு முடிவில் பூஞ்சை மருந்து தெளிப்பதே நின்றுபோயிற்று.

இரண்டு நெல்லையும் தனித்தனியே அறுக்கக் கை உழைப்பு வேண்டும் என்பது மெய்யே. ஆனால் மருந்துக்குக் கொடுக்கும் பணம் ஊரைவிட்டுப் போய்விடும். அறுப்போருக்கு அளிக்கும் கூலியோ ஊரிலேயே தங்கும். மேலும், அவ்வுழவர் புது விதையை வெறுக்கவுமில்லை, பழைய விதையைத் துறக்கவுமில்லை, இரண்டையும் அண்டைவீட்டாராக்கினர்.

குலைநோய் நம் காவிரிப் பாசன உழவருக்கும் பழகிய பகையே. அதை எதிர்க்கப் பல விதைகளைக் கலந்து நடுவதானால், முதலில் பல விதைகள் கையில் இருக்கவேண்டும். 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் திரட்டி உழவர் கையில் திரும்பச் சேர்த்தார். அப்பணி தனிமனிதர் ஒருவரோடு முடிவதன்று. ஊருக்கு ஒரு விதைக் களஞ்சியம் வைப்பதைத் தேசத்தொண்டர்கள் தம் கடமையாக மேற்கொள்வாராக. விதையை இழந்த உழவன், வியாதிக்கு மருந்தையும் கடைக்காரனிடமே கடனுக்கு வாங்கவேண்டியவன் ஆவான்.