முழு மனது



"முழு மனதோடு செபியுங்கள், முழு மனதோடு படியுங்கள்" என்று அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் சொல்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். முழு மனது என்றால் என்ன? கண்ணீர் மல்கச் செபிப்பதா? தியான நாட்களின் முடிவில் நெஞ்சில் பொங்கி எழும் ஆர்வமா? அவை நல்லவைதாம். ஆனால் அவை திருவிழாத் தேரைப்போல வரும். வந்த வேகத்தில் போய்விடும். முழு மனது அவற்றைவிட ஆழமானது.

நம் ஊர்ச் சாயப் பட்டறைகளில் வேலை செய்யும் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். நிட்டிங் மிஷினிலிருந்து இறங்கும் கோராத் துணியை அப்படியே சாயத்தில் போடமாட்டார்கள். அதில் பஞ்சின் மெழுகும் எந்திரத்தின் எண்ணெயும் ஒட்டியிருக்கும். முதலில் அவற்றை நன்றாகப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த சாயமாக இருந்தாலும் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். அந்தத் துணியின் குறை நிறம் வெளிறியிருப்பதன்று. சாயத்துக்கு இடம் கொடாத பகுதிகள் அதில் இருப்பதுதான். மனதும் இப்படியே. பக்தி எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பது பிறகு வரும் கேள்வி. அது எங்கெல்லாம் எட்டியிருக்கிறது, எந்த மூலையை எட்டவில்லை என்பதே முதல் கேள்வி.

நற்செய்தியில் இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. சிறு வயது முதலே எல்லாக் கட்டளைகளையும் கடைப்பிடித்த செல்வர் ஒருவர் இயேசுவிடம் ஓடி வருகிறார். அவரிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் தம் சொத்து என்ற ஒன்றை மட்டும் அவர் விடத் தயாராக இல்லை. வருத்தத்தோடு திரும்பிப் போகிறார். ஏழைக் கைம்பெண்ணோ கோவில் உண்டியலில் இரண்டு சிறு காசுகளைத்தான் போடுகிறார். இயேசு அவரைப் புகழ்கிறார். ஏனெனில் அவர் தமக்கென எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. அளவு சிறிதாயினும் காணிக்கை முழுமையாயிற்று.

"அதெல்லாம் குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியது, இல்லறத்தாருக்கு இயலுமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். அதற்கு விடையாக நம் தமிழ் மண்ணிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர் புனித தேவசகாயம். 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அரசுப் பணியாளராய் இருந்தார், மணமானவர். 1741-இல் நடந்த குளச்சல் போரில் டச்சுப் படைத்தலைவர் தெலனாய் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படையில் பணிபுரிந்தார். அவர் ஒரு கத்தோலிக்கர். குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு, யாவற்றையும் இழந்தும் இறைவனை விடாத யோபுவின் கதையை அவர் எடுத்துச் சொன்னார். அந்த விதை முளைத்தது. 1745 மே 14-ஆம் நாள் நெல்லைச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்தில், மக்கள் பரஞ்சோதிநாதர் என்றழைத்த இயேசு சபைக் குருவிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவருடைய மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. புதிய விசுவாசத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெளியில் பழையபடியே தம் சாதியின் மதிப்போடு அவர் வாழ்ந்திருக்கலாம். அப்படி வாழ்ந்திருந்தால் பெரிய துன்பம் நேர்ந்திருக்காது என்றே தோன்றுகிறது. அவரோ, கடவுளின் முன் எல்லாரும் சமம் என்று எடுத்துரைத்தார். பிறர் ஒதுக்கி வைத்த மக்களோடு கலந்து பழகினார். இது உயர்நிலையில் இருந்தோரின் கோபத்தைக் கிளறியது. 1749 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். அவரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று அவமதித்ததையும் அடித்து வதைத்ததையும் அவர் வரலாறு கூறுகிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மறைசாட்சி என்றதும் நமக்குத் துப்பாக்கி முன் நின்ற அந்த ஒரு கணமே நினைவுக்கு வரும். அந்தக் கணத்துக்கு முன்னால் மூன்றாண்டுக் காலத்தின் ஒவ்வொரு காலைப் பொழுதும் இருந்ததை மறந்துவிடக் கூடாது. நேற்றுச் சொன்ன "ஆம்" என்ற சொல்லை இன்றும் சொல்ல வேண்டும். நாளையும் சொல்ல வேண்டும். வார்த்தைப்பாடு எடுத்த நம் அருட்சகோதரியருக்கு இது நன்கு தெரியும். நோயுற்ற பிள்ளையின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் அன்னையருக்கும் இது தெரியும். ஞானப்பூ அம்மையாரையும் நினையுங்கள். கணவர் போனபின் அவர் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. வடக்கன்குளத்தில் விசுவாசத்தோடு வாழ்ந்து அங்கேயே கண் மூடினார். அவர் எந்தத் துப்பாக்கியையும் எதிர்கொள்ளவில்லை. ஆயினும் அவருடைய காணிக்கையும் முழுமையானதே.

ஆனால் இதே வடக்கன்குளம் நமக்கு வேறொரு பாடமும் சொல்கிறது. அது கசப்பானது, எனினும் மறைக்கத் தகாதது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அவ்வூரில், 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் சாதிக்கொரு பக்கமாக இரு கூடங்களாய்க் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, திருப்பலி ஒன்று, நடுவிலோ தடுப்பு! இரு பக்கத்தாரும் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். செபமாலை சொன்னார்கள், நோன்பு இருந்தார்கள், திருவிழா எடுத்தார்கள். ஆயினும் மனதின் ஓர் அறையை மட்டும் ஆண்டவருக்குத் திறந்துவிடவில்லை. 1910-இல் கோசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. தடுப்பு மீண்டும் எழவில்லை.

2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. அப்போது அவர் பெயரோடு வழங்கிவந்த சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. அவர் தம் வாழ்நாளில் விட்டுவிட்டதை அவர் பெயரும் விட்டுவிட்டது!

இப்போது நம் பக்கம் பார்ப்போம். திருப்பூருக்குத் தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் பிழைக்க வருகிறார்கள். ஒரே மேசையில் அவர்கள் தைத்த பனியனை உலகமெல்லாம் உடுத்துகிறது. மதிய மணி அடித்ததும் நம் சாப்பாட்டு வட்டம் எப்படி அமைகிறது? தமிழ் தடுமாறிப் பேசும் புதிய மாணவிக்கு அதில் இடம் உண்டா? தோழி எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்று விசாரித்த பிறகுதான் அவளோடு பழகுகிறோமா? காலையில் செபம் சொல்லிவிட்டுத் தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்க்கிறோமா? பெரியவர்களுக்கும் கேள்விகள் உண்டு. திருவிழாவுக்குத் தாராளமாய் நன்கொடை தரும் நாம், நம்மிடம் வேலை செய்பவர்களின் கூலியைக் குறித்த நாளில் கொடுக்கிறோமா? மகளின் திருமணம் என்று வரும்போது முதலில் எதைக் கேட்கிறோம்?

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவரால் கரையேற முடியாது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. முழு மனது என்பது பிழையே இல்லாத மனதன்று. பூட்டி வைத்த அறை இல்லாத மனது. தடுக்கி விழுந்தவர் எழுந்துவிடலாம். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். அந்தச் சாவி நம் கையில்தான் இருக்கிறது. எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் திறக்க இயலாவிட்டாலும், இன்றிரவு செபத்தில், "ஆண்டவரே, நான் உமக்குத் தராமல் வைத்திருப்பது எது?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்போம். விடை பெரும்பாலும் நமக்கு முன்பே தெரிந்ததாகத்தான் இருக்கும்.

புனித தேவசகாயத்தின் திருநாள் ஜனவரி 14. போகியும் பொங்கலும் வரும் அதே நாட்கள் அவை. பரண் முதல் படுக்கையறை வரை ஒரு மூலையும் விடாமல் அப்போது வீட்டைச் சுத்தம் செய்கிறோம். அந்த நாட்களில் உள்ளத்திலும் ஒரு மூலையைத் திறந்து பார்ப்போம். மறுநாள் மதியம், இதுவரை தனியே அமர்ந்து சாப்பிட்ட ஒரு தோழிக்கு நம் அருகில் இடம் கிடைத்தால், அந்தத் திருநாளை நாம் நன்றாகவே கொண்டாடியிருக்கிறோம்.