தனி மேசையில் அமர்ந்த வெற்றியாளர்

சகோதரிகளே, திரைப்படத்தின் கதாநாயகியை நாம் மறப்பதில்லை. அவளுக்கு உடை எடுத்துக் கொடுக்கும் பணிப்பெண்ணாக நடித்தவரின் பெயரோ நமக்குத் தெரிவதில்லை. அத்தகைய துணைப் பாத்திரங்களிலேயே வாழ்நாளைக் கழித்த அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவரைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். அவர் பெயர் ஹற்றி மக்டானியல்.

1890களில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் நின்று போரிட்டவர். ஹற்றியின் முதற் கணவர் 1915இல் இறந்தார். இளம் வயதிலேயே விதவையான அவர் மேடைகளில் பாடினார். பாட்டுக்கு அழைப்பில்லாத நாட்களில் சமையல் வேலையும் சலவை வேலையும் செய்தார்.

1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது, மில்வோக்கி நகரின் இரவு விடுதியொன்றில் கழிவறைப் பணியாளராக இருந்தார். பின் அதே விடுதியிலேயே பாடகியானார். 1931இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்று வானொலியில் புகழ் பெற்றார். ஆனால் அந்தச் சம்பளம் போதாமையால் வீட்டு வேலையையும் விடவில்லை.

1939இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' படத்தில், எசமான் வீட்டுப் பெண்ணை வளர்த்து ஆளாக்கும் அடிமைப் பெண்ணாக நடித்தார். அற்லாண்டா நகரில் நடந்த முதற் காட்சிக்கு அவர் செல்ல முடியவில்லை. அங்கே இன ஒதுக்கல் நடைமுறையில் இருந்தது. 1940 பெப்ரவரி 29இல் சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. எனினும் அந்த விழாவில் அவரைச் சக நடிகர்களோடு இருத்தாமல், தனி மேசையிலேயே இருத்தினார்கள்.

பிறகும் அவருக்குப் பணிப்பெண் வேடங்களே வந்தன. அடிமை வாழ்வை அழகாகக் காட்டும் படங்களுக்கு அவர் துணைபோகிறார் எனக் கறுப்பின அமைப்பினர் கண்டித்தனர். வேலைக்காரியாக இருப்பதைவிட வேலைக்காரியாக நடித்துப் பலமடங்கு சம்பளம் பெறுவது மேல் என்பது அவரது பதில். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றே நான் எண்ணுகிறேன். பழி, அவருக்கு ஒரேயொரு வாசலை மட்டும் திறந்துவைத்தவர்களுக்கே உரியது.

நடிப்பில் விட்டுக்கொடுத்தவர் தன் வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் அவர் வாங்கிய வீட்டிலிருந்து கறுப்பினத்தவரை வெளியேற்ற, வெள்ளையின அயலவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். அவர் அயலிலுள்ள கறுப்பினக் குடும்பங்களைத் திரட்டி நீதிமன்றம் சென்றார். 1945இல் வழக்கு தள்ளுபடியானது. அவரும் அந்தக் குடும்பங்களும் தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள்.

1952இல் மார்பகப் புற்றுநோயால் காலமானார். அவர் விரும்பிய ஹொலிவூட் மயானம் இனத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தது. 1999இல் அங்கே அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்த விருது காணாமற் போனது. 2023இல் ஒஸ்கார் நிறுவனம் அதற்கு ஈடாகப் புதியதொன்றை வழங்கியது.

கழிவறை துடைத்ததோ பிறர் வீட்டில் சமைத்ததோ ஹற்றிக்கு இழிவல்ல. அவரைத் தனி மேசையில் இருத்தியதுதான் இழிவு. அது இருத்தியவர்களையே சேரும். பிள்ளைகளுக்காகக் கிடைத்த வேலையைச் செய்யும் எந்தச் சகோதரியும் இதை மனதில் வைத்துத் தலைநிமிர்ந்து நடக்கலாம்.