கழுத்தில் ஓர் ஊசி. தோளுக்கு அரை நாள் நிம்மதி

மும்பை தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் அவர். மூட்டை தூக்கித் தூக்கி வலது தோளில் தசைநாண் கிழிந்து, ஆபரேஷன் நடந்தது. மாலையில் பார்க்க வந்த உறவினர்கள் அசந்துபோனார்கள். மனிதர் இடது கையால் டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். கை மரத்துக் கிடந்ததே தவிர, வலி கொஞ்சமும் இல்லை. இரவு நர்ஸ் மாத்திரை கொடுத்து மராத்தியில் ஏதோ சொன்னார். பிடிபடவில்லை. வலி இல்லாதவனுக்கு மாத்திரை எதற்கு என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். பின்னிரவு 2 மணிக்கு அவர் போட்ட கூச்சலில் வார்டே விழித்துக்கொண்டது.

தோள் ஆபரேஷனில் வெளியே தெரிவது சின்னஞ்சிறு துளைகள்தான். உள்ளேயோ, கிழிந்த தசைநாணை எலும்போடு சேர்த்து இறுக்கியிருப்பார்கள். முதல் ஓரிரு இரவுகள் வலி பிராணனை வாங்கிவிடும். அதற்காகத்தான் கழுத்தின் பக்கவாட்டில் ஊசி போடுகிறார்கள்.

தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகள் கழுத்து எலும்புகளிடையே வேர்விட்டு, இரண்டு தசைகளுக்கு நடுவே இறங்குகின்றன. அந்த இடத்தில் மருந்து சேர்ந்தால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. ஜங்ஷனுக்கு வெளியே சிக்னல் விழாமல் வண்டிகள் நிற்பதைப் போலத்தான். பூப்பிவக்கெயின், ரோப்பிவக்கெயின் போன்ற மருந்துகள் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம் வரை தாங்கும்.

1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற டாக்டர் கண்ணில் கொக்கெயின் சொட்டு விட்டு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யலாம் என்று காட்டினார். கழுத்துத் தசைகளுக்கு நடுவே ஊசி போடும் முறையை 1970-ல் விவரமாக எழுதியவர் அமெரிக்க டாக்டர் அலோன் வின்னி. அன்று விரலால் தடவித்தான் இடம் கண்டார்கள். இன்று அல்ட்ராசவுண்டு திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள்.

இதில் ஒரு கண்டம் உண்டு. மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு இதே கழுத்து வழியாக, வெகு அருகில் ஓடுகிறது. மருந்து அங்கேயும் பரவினால், அந்தப் பக்கத்து உதரவிதானம் சில மணி நேரம் வேலை நிறுத்தம் செய்துவிடும். வழக்கமான அளவு மருந்து போட்டால் அநேகமாக எல்லோருக்குமே இது நேருகிறது. நுரையீரல் நன்றாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதுகூட இல்லை. வெகுநாள் இரைப்பு உள்ளவர்களுக்கோ மூச்சு முட்டிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தைக் குறைத்தோ, தோளுக்குப் பின்புறம் வேறு நரம்பில் ஊசி போட்டோ சமாளிக்க வழி இருக்கிறது. ஆனால் நோயாளி சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்!

இங்கேதான் வெளியூர்த் தமிழர்களுக்குச் சங்கடம். "தமா ஹை க்யா?" என்று டாக்டர் கேட்கிறார். இழுப்பு, இளைப்பு என்றே சொல்லிப் பழகியவர், ஏதோ கேட்கிறார் என்று "நஹி" என்று தலையாட்டிவிடுகிறார். பாஷை தெரிந்த ஒருவரை ஆபரேஷனுக்கு முந்தைய பேச்சுக்கே கூட்டிப்போவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும்.

ஊசிக்குப் பின் குரல் கம்முவதும், அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்குவதும் உண்டு. பக்கவாதமோ என்று வீட்டார் பதறிப்போகிறார்கள். ஊசியின் விளைவானால் மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். இருந்தாலும் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்கினால் மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. மரத்த கைக்குச் சூடு, இடி எதுவும் தெரியாது. தூளியிலேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மருந்து இறங்கும்போது வலி படிப்படியாக வருவதில்லை, வெள்ளம்போல் வந்து மோதும். ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, வலி இல்லாதபோதே நேரப்படி விழுங்க வேண்டும். சில இடங்களில் மெல்லிய குழாய் செருகி, இரண்டு மூன்று நாள் மருந்து செலுத்துவதும் உண்டு.

தாராவிக்காரருக்கு விடியும் வரை வலி அடங்கவில்லை. மறுநாள் இரவு நர்ஸ் வருமுன்பே தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.