வெளிச்சத்தை மறிக்கும் திரை

டெல்லி செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லஜ்பத் ராய் மார்க்கெட், எலெக்ட்ரானிக்ஸ் உதிரி பாகங்களுக்குப் பெயர்போன இடம். ‘சத்தம் வருது, படம் வரலை’ என்று ஒரு டி.வி. வந்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. கடை விளக்கை அணைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் டி.வி.யின் திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்ப்பார். கறுத்துக் கிடந்த திரையில் செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் பிழைத்தது. போனது பின்னால் இருக்கும் எல்.இ.டி. விளக்கு வரிசைதான். அதை மட்டும் மாற்றினால் போதும்.

எல்.சி.டி. டி.வி.யின் சூட்சுமம் முழுவதும் அந்த டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடுகிறது. படம் காட்டும் கண்ணாடி தானாக ஒளிர்வதே இல்லை. பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியை எந்த இடத்தில் விடுவது, எந்த இடத்தில் மறிப்பது என்று தீர்மானிப்பது மட்டுமே அதன் வேலை. கடையில் ‘எல்.இ.டி. டி.வி.’ என்று விற்பதும் பெரும்பாலும் எல்.சி.டி.தான். பழைய குழல் விளக்கு போய், பின்னால் எல்.இ.டி. வந்திருக்கிறது, விளக்கு மாறியதற்குப் பெட்டியின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

மறிக்கும் வேலையைச் செய்வது திரவப் படிகம். 1888இல் பிராக் நகரில் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், ஒரு கொழுப்புச் சேர்மம் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நிற்பதையும் 178.5 டிகிரியில்தான் தெளிவதையும் கவனித்தார். இடையில் இருந்த அந்தக் கலங்கல், நீர்போல ஓடியது. படிகம்போல ஒழுங்காகவும் இருந்தது. இதை வைத்து என்ன செய்வதென்று தெரிய எண்பது வருஷம் ஆனது. 1970இல் ஸ்விட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட்டும் வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக்கும் அந்த மூலக்கூறுகளை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சுழற்படிக்கட்டு போல முறுக்கி அடுக்கினார்கள். இரு பக்கமும், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் ஏடுகள். முறுக்கோடு சேர்ந்து திரும்பும் ஒளி இரண்டாவது ஏட்டைக் கடந்துவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், ஒளி மறிபடும். இன்றைய டி.வி.க்களில் மூலக்கூறுகளை அடுக்கும் விதம் வேறு. விடுவதும் மறிப்பதும் அதேதான். ஃபுல் எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு சன்னல்கள், சன்னலுக்கு ஒரு டிரான்சிஸ்டர்.

இந்தக் கதையில் நம் ஆள் ஒருவரும் உண்டு. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1977இல், வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உண்டாகும் என்று கண்டறிந்தவர் எஸ். சந்திரசேகர், சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் படம் வெளிறும் குறையைத் தணிக்க, அந்த வகைப் பொருளால் செய்த ஏடுகளைத்தான் பிற்பாடு எல்.சி.டி. திரைகளில் ஒட்டினார்கள்.

இந்தியாவில் டி.வி. பிறந்த ஊர் டெல்லி. 1959 செப்டம்பர் 15இல் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1982இல் ஆசிய விளையாட்டையொட்டி வண்ணம் வந்தது. 2010 காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் காட்டியது. அந்தத் துல்லியத்துக்குப் பழைய பிக்சர் டியூப் தோதுப்படவில்லை. டியூபில் எலெக்ட்ரான் கற்றை வளைந்து திரை முழுவதும் பரவ இடம் வேண்டும். திரை அகன்றால் பெட்டியும் பின்னால் நீளும், கண்ணாடியும் கனக்கும். 29 அங்குல டியூப் டி.வி.யைத் தூக்க இரண்டு பேர் தேவை. 32 அங்குல எல்.இ.டி.யை ஒருவரே சுவரில் மாட்டிவிடலாம். முன்னது 100 வாட்டைத் தாண்டும், பின்னது ஏறக்குறைய 50 வாட்டில் அடங்கும்.

தட்டை டி.வி. மீதான ஆசை எவ்வளவு முற்றியது என்பதற்கு விமான நிலையமே சாட்சி. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தட்டை டி.வி.யைப் பெட்டியோடு பெட்டியாகக் கொண்டுவந்து குவிக்க, 2013 ஆகஸ்ட் 26 முதல் மத்திய அரசு அதற்கான வரிவிலக்கை நீக்கியது. அதன் பிறகு 36.05 சதவீதம் சுங்கம் கட்டித்தான் வெளியே எடுத்துவர முடிந்தது.

எல்.சி.டி.யில் குறையும் இல்லாமல் இல்லை. மறித்தாலும் கொஞ்சம் ஒளி கசியும் என்பதால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். தானே ஒளிரும் ஓலெட் திரை ஜெயிப்பது இங்கேதான். விலையைக் கேட்டால் மட்டும் தலைசுற்றும். பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்தில் நியூஸும் கிரிக்கெட்டும் பார்க்கிற வீட்டுக்கு எல்.சி.டி. தாராளமாகப் போதும்.

வீட்டை விட்டுப் போன டியூப் டி.வி.க்களில் எத்தனையோ வடகிழக்கு டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் உடைபட்டன. அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. குழல் விளக்கு வைத்த முதல் தலைமுறை எல்.சி.டி.யில் பாதரசம். பழைய டி.வி. இன்னும் பரணில் கிடந்தால் தெருவில் வரும் காயலான்காரரிடம் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுப்பதே பாதுகாப்பு.