இளையோர் வயிற்றறையில் தோன்றும் இனமூல உயிரணுக் கட்டிகள்: ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் அளவும் வயதும்

விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ வளரவேண்டிய மூல உயிரணுக்களிலிருந்து தோன்றுபவை இனமூல உயிரணுக் கட்டிகள். இவற்றைக் ‘கிருமி உயிரணுக் கட்டி’ என மொழிபெயர்ப்பது பொருந்தாது. தொற்றுநோயோ எனப் பெற்றோர் அஞ்ச அது இடமளிக்கும். விதையிலும் சூலகத்திலும் தோன்றும் இக்கட்டிகள், அரிதாக, அவ்வுறுப்புகள் நலமாயிருக்கையிலேயே வயிற்றறையின் பின்சுவரையொட்டி வளர்வதுண்டு.

இதற்கான விளக்கம் கருவளர்ச்சியில் உள்ளது. நான்காம் வாரத்தில் கருவுணவுப்பையின் சுவரில் தென்படும் இவ்வுயிரணுக்கள், பின்குடலையும் அதனைத் தாங்கும் சவ்வையும் பற்றி நகர்ந்து, ஆறாம் வாரமளவில் இனப்பெருக்கச் சுரப்பி உருவாகும் இடத்தை அடைகின்றன. வழியில் தங்கியவை பொதுவாக மடிந்துவிடும். மடியாதவையே பின்னர்க் கட்டியாகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வாலெலும்பு முதல் மூளையின் பினியல் சுரப்பி வரை இக்கட்டிகள் உடலின் நடுக்கோட்டையொட்டியே அமைவது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

கருவுணவுப்பைக் கட்டி இவ்வகையுள் தீயது. இது ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் புரதத்தைச் சுரப்பதால், குருதிச் சோதனையே நோயறிதலுக்குப் பெருந்துணையாகிறது. ஆனால் பிறந்த குழந்தையின் குருதியில் இப்புரதம் இயல்பாகவே மில்லிலிட்டருக்குப் பல்லாயிரம் நானோகிராம் அளவில் இருக்கும். ஏறத்தாழ ஓராண்டுக்குள்தான் 10 நானோகிராமுக்குக் கீழ் இறங்கும். எனவே ஒரு மாதக் குழந்தைக்கு 5,000 என்பது இயல்பாகலாம்; நான்கு வயதுச் சிறுமிக்கு அதே எண் கடும் எச்சரிக்கை. ஆய்வக அறிக்கையில் பெரியோருக்கான வரம்பு மட்டும் அச்சாகியிருப்பின், நலமான குழந்தையும் நோயாளியாகத் தோன்றும். கல்லீரலில் எழும் ஹெப்பட்டோபிளாஸ்டோமாவும் இப்புரதத்தைச் சுரக்கும் என்பதால், ஊடுகதிர்ப் படங்களில் கட்டியின் பிறப்பிடத்தை உறுதிசெய்தல் இன்றியமையாதது. முதிர்ந்த டெரட்டோமாவிலோ அளவு பொதுவாக உயர்வதில்லை.

இச்சோதனையை அறுவைக்கு முன்பே செய்வதுதான் முதன்மையானது. பின்சுவர்க் கட்டி பெருந்தமனியையும் பெருஞ்சிரையையும் சூழ்ந்திருக்கக்கூடும். அந்நிலையில் முழுதும் அகற்ற முனைவது ஆபத்து. தீயவகை என உறுதியானால், முதலில் வேதிச்சிகிச்சையால் சுருக்கி, எஞ்சியதைப் பின்னர் அகற்றலாம். 1970களில் சிஸ்பிளாட்டின் பயன்பாட்டுக்கு வருமுன் பெரும்பாலும் உயிர்குடித்த இந்நோயிலிருந்து, அம்மருந்தைப் பிளியோமைசின், எட்டோபோசைடு ஆகியவற்றோடு சேர்த்துப் பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் இன்று குணமடைகின்றனர்.

கட்டி முற்றிலும் நீங்கினால் புரத அளவு 5 முதல் 7 நாள்களுக்கு ஒருமுறை பாதியாகும். அவ்வேகம் தளர்ந்தால் எச்சம் உண்டோ என ஐயுறவேண்டும். கைக்குழந்தையிடம் இயல்பான இறக்கமே மெதுவானதாதலால், அங்கும் வயதைக் கருதியே முடிவுக்கு வரவேண்டும். சிஸ்பிளாட்டின் செவித்திறனைக் குறைக்கவல்லது. பேசக் கற்கும் வயதினருக்கு அவ்விழப்பு மொழியையும் பாதிக்குமாதலால், சிகிச்சைக் காலத்திலும் அதன் பின்னரும் செவிச்சோதனை தொடரவேண்டும்.