14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவே

மாதம் பிறந்து 14-ஆம் தேதி ஆனதும் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி வந்துவிடும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியல் அது. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனங்கள் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அதனால் அந்த ஆறு நாளும் திருப்பூர், சிவகாசி, கோவை என எந்த ஊர் கணக்குப் பிரிவிலும் ஒரே வேலைதான்: பர்ச்சேஸ் பதிவேட்டையும் 2பி-யையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பில்லாக டிக் அடிப்பது. பலர் இதை இன்னமும் கண்ணால்தான் பார்த்துச் செய்கிறார்கள். பார்க்கவே மனசு கேட்பதில்லை.

எக்செல்லில் வேலையைத் தானாக ஓடவைக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பயிற்சி வகுப்புகளோ மேக்ரோவைக் காட்டித்தான் ஆள் சேர்க்கின்றன. தப்பாக அடித்த தரவின் மேல் மேக்ரோ ஓடினால், தப்பு வேகமாக நடக்கும், அவ்வளவுதான். முதலில் பழக வேண்டியது, ஒரு பில்லை இன்னொரு பில்லிலிருந்து எதை வைத்துப் பிரித்தறிவது என்பதை.

பார்ட்டி பெயர் அதற்கு உதவாது. ஒருவர் 'அன் கோ' என்று அடிப்பார், இன்னொருவர் 'அண்ட் கம்பெனி' என்பார். ஜிஎஸ்டி எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. அதோடு பில் எண்ணைச் சேர்க்க வேண்டும். ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக்கூடாது என்பது விதி என்பதால், நிதியாண்டையும் ஒட்டிவிட்டால் குழப்பமில்லை. மூன்றையும் '&' குறியால் ஒரே நெடுவரிசையில் கோத்துவிட்டால், விலுக்அப்போ எக்ஸ்லுக்அப்போ மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பில் எண்ணில் எக்செல் கைவைக்கும். 0045 என்று அடித்தால் 45 ஆகிவிடும். 7/11 என்பது நவம்பர் 7 ஆகிவிடும். நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என மாற்றிவிட்டு அப்புறம் அடிக்க வேண்டும். அடித்தபின் மாற்றினால் போன சைபர் திரும்பாது. உலகத்து விஞ்ஞானிகளையே இது படுத்தியிருக்கிறது. மார்ச்1, செப்ட்1 என்ற மனித மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றியது.

ஃபார்முலா கைவந்ததும் பவர் குவெரிக்குப் போங்கள். 2016 பதிப்பிலிருந்து எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பட்டியலையும் 'மெர்ஜ்' செய்து, 'லெஃப்ட் ஆன்ட்டி' கொடுத்தால் நம்மிடம் இருந்தும் 2பி-யில் இல்லாத பில்கள் மட்டும் வரும். செய்த படிகளை அது நினைவில் வைத்திருக்கும். அடுத்த மாதக் கோப்பைப் பழைய இடத்தில் போட்டு 'ரெஃப்ரெஷ்' அழுத்தினால் போதும்.

இங்கே செய்தது டேட்டாபேஸ் வேலைதான். தரவை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான ஒரு விவரத்தால் இணைக்கும் முறையை ஐபிஎம்மின் எட்கர் காட் 1970-இல் எழுதிவைத்தார். நான்கு பேர் ஒரே கோப்பில் அடிக்க ஆரம்பித்தாலோ, வரிசைகள் பெருகினாலோ, எக்செல்லை விட்டு ஆக்செஸ் போன்ற டேட்டாபேஸுக்கு மாறுவது நல்லது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பட்ட பாடு போதும். 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தில் கொரோனா முடிவுகளைச் சேர்த்ததில், 15,841 தொற்றுகள் உரிய நாளில் கணக்குக்கு வரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தாமதமானது.

2பி-யில் சிக்காத பில்களை மெஷின் எடுத்துக் கொடுக்கும். அவற்றில் சில, பார்ட்டி இன்னும் ஏற்றாதவை. சில, வேறு ஜிஎஸ்டி எண்ணில் ஏறியவை. சில, நாமே தப்பாக அடித்தவை. எது எது என்று பிரிக்க ஆள்தான் வேண்டும். "அண்ணே, போன மாச பில்லு இன்னும் ஏறலையே" என்று 15-ஆம் தேதி காலையிலேயே போன் போட்டால், அவர் திருத்தி ஏற்றி, அடுத்த மாத 2பி-யிலாவது அது வரும்.