கோழிக் கால் செதிலுக்கு எண்ணெய் வைத்தியம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் சமயத்தில், கொல்லையில் மேயும் நாட்டுக் கோழிகளின் கால்களைச் சற்றுக் குனிந்து பார்ப்பது நல்லது. சில கோழிகளின் கால், சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துத் தடித்திருக்கும். வழவழப்பாகப் படிந்திருக்க வேண்டிய செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். "பனிக்குத் தோல் வறண்டு விட்டது, வெயில் வந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். நம் உதடும் குதிகாலும் வெடிக்கும் காலமாதலால் அப்படி நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் காரைக்கால் வட்டாரத்தில், கடலுக்கு அருகிலுள்ள போலகம் போன்ற ஊர்களில், மார்கழியிலும் காற்றில் ஈரம் உண்டு. விடியற்காலையில் வைக்கோல் போர் நனைந்து கிடப்பதே சாட்சி. கோழிக் கால் இப்படிக் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பனியன்று; கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப் பேன்தான். 'நெமிடோகாப்டஸ்' என்பது அதன் பெயர். செதிலுக்கு அடியில் தோலைக் குடைந்து, அங்கேயே வாழ்ந்து பெருகுகிறது. அது குடையக் குடையத் தோல் தடித்து, மாவு போன்ற பொருக்கு சேர்கிறது. அதுதான் செதிலை மேலே தள்ளுகிறது. மழை நாட்களில் கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கூட்டில் அடைந்து கிடக்கும்போது, ஒன்றின் காலிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றிவிடும். தாயிடமிருந்து குஞ்சுக்கும் வரும்.

இதனால் கோழி உடனே சாவதில்லை. அதனாலேயே பலரும் அசட்டையாக இருக்கின்றனர். நாளடைவில் கோழி நொண்டுகிறது; மேய்ச்சலுக்கு எட்டிப் போவதில்லை; இளைக்கிறது; முட்டை குறைகிறது. முற்றினால் விரல்கள் கோணிப்போவதும், நகமும் விரலும் உதிர்வதும் உண்டு. பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பத்திற்கு நான்கு கோழி இப்படியானால் நஷ்டம் சிறிதன்று.

தடவும் முறை

எண்ணெய் நல்ல மருந்துதான். பொருக்கை இளக்கி, உள்ளே இருக்கும் பூச்சியை மூச்சு முட்டச் செய்கிறது. ஆனால் காய்ந்த பொருக்கின் மேலேயே தடவினால் உள்ளே இறங்காது. வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணி வாக்கில், கை பொறுக்கும் சூடுள்ள சோப்பு நீரில் கோழியின் கால்களை ஐந்து நிமிடம் ஊற வைக்க வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்தால் இளகிய பொருக்கு உதிரும். உதிராததைப் பிய்க்கக் கூடாது. இரத்தம் வந்து புண்ணாகும். துணியால் ஈரம் போகத் துடைத்த பின், ஒரு பங்கு வேப்பெண்ணெயுடன் மூன்று பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, செதிலின் இடுக்குகளில் இறங்கும்படி தடவலாம். தனி வேப்பெண்ணெய் புண்பட்ட தோலில் எரிச்சல் தரக்கூடும். தேங்காயெண்ணெய் மட்டுமே இருந்தாலும் பாதகமில்லை.

ஒரு தடவையோடு விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. குடைந்த வழிகளில் பூச்சி மிஞ்சியிருக்கும். வாரம் இரு முறையாக மூன்று, நான்கு வாரங்கள் தொடர வேண்டும். அடுத்தடுத்த தடவைகளில் இரவு கோழி அடைந்த பிறகு தடவினால் துரத்திப் பிடிக்கும் வேலையில்லை. கூட்டிலுள்ள எல்லாக் கோழிக்கும், நன்றாகத் தெரிபவற்றுக்கும் கூட, தடவ வேண்டும். பழைய செதில் விழுந்து புதுச் செதில் வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கால் அழகாகவில்லையே என்று சலிக்க வேண்டாம்.

எண்ணெய் காலோடு நிற்க வேண்டும். இறகில் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொண்டு, குளிரைத் தடுக்கும் சக்தி போய்விடும். பனிக் காலத்தில் அது கேடு. கோழிக்கு வேண்டிய எண்ணெயை வாலடியிலுள்ள சுரப்பியிலிருந்து அதுவே அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்கிறது. அடைக் கோழிக்கு எண்ணெய் வைத்தியம் கூடவே கூடாது. காலிலுள்ள எண்ணெய் முட்டையில் பட்டால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு, உள்ளே கரு செத்துவிடும். செதில் கண்ட கோழியை முதலில் குணப்படுத்திவிட்டுப் பிறகு அடை வைப்பதே முறை.

சிலர் மண்ணெண்ணெய், டீசல், லாரியிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் ஆகியவற்றில் காலை முக்குகின்றனர். பூச்சி சாகலாம், தோலும் வெந்துவிடும். கோழி அலகால் காலைக் கொத்தும்போது விஷம் வயிற்றுக்குள்ளும் போகும்.

கூட்டையும் கவனிக்காவிட்டால் பட்ட பாடு வீண். அடைந்து உட்காரும் கம்புகளைச் சுரண்டிக் கொதிநீர் ஊற்றிக் காயவிட்டு, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பழைய வைக்கோலை எரித்துவிடலாம்.

கூண்டுக் கிளிகளுக்கு

'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகளுக்கும் இதே இனத்துப் பூச்சி வருவதுண்டு. அலகின் அடியிலும் காலிலும் தேன்கூடு போல் பொருக்குக் கட்டும். இதற்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். மூக்குத் துளையில் எண்ணெய் இறங்கினால் ஆபத்து. தோல் மட்டும் வறண்டு உதிர்ந்தால், பெரும்பாலும் தினை போன்ற தானியத்தை மட்டுமே தின்பதால் வந்த வைட்டமின் 'ஏ' குறைவாக இருக்கும். முருங்கைக் கீரை, காரட், பப்பாளி தந்து, காலை வெயிலில் தட்டில் நீர் வைத்தால் தானே குளித்துக்கொள்ளும். முருங்கைக் கீரை கோழிக்கும் ஏற்றது. நம் ஊர்ப் பச்சைக் கிளியைக் கூண்டில் வைத்திருப்பதோ 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; எண்ணெய் தேடுமுன் வனத் துறையிடம் ஒப்படைப்பதே சரி.

நான்கு வாரம் கழிந்தும் கோழி நொண்டினால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொண்டை, தாடியில் கொப்புளமும் பொருக்கும் கண்டால் அது அம்மையாக இருக்கலாம், எண்ணெயால் தீராது. செதில் நோய்க்கு ஐவர்மெக்டின் என்ற மருந்து நன்கு கேட்கிறது. ஆட்டுக்கு வாங்கி வைத்ததைக் கோழிக்குக் கண் மதிப்பில் கொடுக்கலாகாது. கோழியின் எடையைப் பார்த்து மருத்துவரே அளவு சொல்வார். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் முட்டையை உண்ணவோ விற்கவோ கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.